ஒப்பிட்டு அறியும் உழவர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூல்களில் கற்பது ஒருவகைக் கல்வி. ஆய்வுக்கூடத்தில் கற்பது மற்றொருவகைக் கல்வி. வயலோரத்தில் நின்று, "உங்கள் வயலில் எவ்வளவு கண்டது?" என்று அண்டை வயலாரைக் கேட்டுக் கற்பது மூன்றாம்வகைக் கல்வி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பயிரிடும் உழவர்கள், இலையுதிர்கால அறுவடையின்போது இக்கல்வியை எவ்வாறு பெறுகின்றனர் என்பதையும், அதற்கு வாய்மை ஏன் இன்றியமையாதது என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாழ்நாளில் நாற்பது அறுவடை

குயவர் ஒருவர் வனையும் பானை கோணிவிட்டால், அம்மண்ணையே மீண்டும் பிசைந்து மறுபானையை வனைந்துவிடலாம். மாலைக்குள் அவர் தம் பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். உழவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆண்டுக்கு ஒருபோகம் மட்டுமே விளையும் நிலத்தில், இருபத்தைந்து அகவையில் ஏர்பிடித்து அறுபத்தைந்து அகவையில் ஓய்வுபெறும் ஓர் உழவர், தம் வாழ்நாளில் காண்பவை ஏறத்தாழ நாற்பது அறுவடைகளே. ஓர் அறுவடையில் கற்ற பாடத்தைச் செயற்படுத்திப் பார்க்க அவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டின் மழையும் வெயிலும் முந்தைய ஆண்டைப்போல் அமைவதும் இல்லை.

அயோவா, இல்லினாய், இந்தியானா, மின்னசோட்டா, நெப்ராசுகா முதலிய மாநிலங்களை உள்ளடக்கிய 'மக்காச்சோள மண்டலம்' இத்தகைய ஒருபோக நிலமாகும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கு விதைப்பு நிகழும். செப்டம்பர் தொடங்கி நவம்பர்வரை அறுவடை நிகழும். அதன்பின் பனி நிலத்தை மூடிவிடும். ஆகவே, எட்டு அல்லது பத்து வாரங்களுக்குள் ஓராண்டு உழைப்பின் பயனை வீடு சேர்த்தாக வேண்டும்.

இந்நிலையில், ஒருவர் பெறும் பட்டறிவு அவருக்கு மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியும், கொள்முதல் நிலையத்தின் வரிசையில் காத்திருந்தும், சிற்றுண்டிக் கடையில் காலைக் குளம்பி அருந்தியும் உழவர்கள் ஒருவரோடு ஒருவர் தம் அறுவடையை ஒப்பிட்டுப் பேசுகின்றனர். பொழுதுபோக்காகத் தோன்றும் அப்பேச்சு, உண்மையில் அவர்களுடைய ஆய்வுமுறையாகும்.

இரு கண்டங்களின் பயிர்கள்

மக்காச்சோளம் மெக்சிகோவில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவகைக் காட்டுப்புல்லிலிருந்து உருவாக்கப்பட்ட பயிர். சோயா மொச்சை கிழக்காசியாவில் தோன்றிய பயிர். இவ்விரண்டும் இன்று நடுமேற்கு அமெரிக்காவில் ஒரே வயலில் ஆண்டுக்கொன்றாக மாறிமாறி விதைக்கப்படுகின்றன.

இப்பயிர்ச் சுழற்சிக்குக் காரணம் உண்டு. சோயா மொச்சையின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தித் தருகின்றன. மக்காச்சோளமோ நைட்ரசனை மிகுதியாக வேண்டும் பயிர். சோயா விளைந்த நிலத்தில் மறு ஆண்டு விதைக்கப்படும் மக்காச்சோளம், தொடர்ந்து மக்காச்சோளமே விளையும் நிலத்தைவிடப் பெரும்பாலும் நல்ல விளைச்சல் தருகிறது. பூச்சிகளும் நோய்களும் ஆண்டுதோறும் பெருகாமல் தடுக்கவும் இம்மாற்றம் உதவுகிறது.

மக்காச்சோளம் நமக்கும் அயலான பயிரன்று. பெரம்பலூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் அது பரவலாக விளைகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. எனவே, தொலைதூரத்து உழவர்களின் இவ்வுரையாடலில் நம் உழவர்கள் அறிந்த செய்திகளும் பல உள்ளன.

ஈரப்பதம் என்னும் முதல் வினா

இலையுதிர்காலத்தில் இரு உழவர்கள் சந்தித்தால் எழும் முதல் வினா விலையைப் பற்றியதாக இருப்பதில்லை. ஈரப்பதத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

மக்காச்சோள மணி முதிர்ந்ததும் அதன் அடிப்பகுதியில் கருநிறப் படலம் ஒன்று தோன்றும. செடியிலிருந்து மணிக்கு உணவு செல்லும் வழி அடைபட்டதை அப்படலம் உணர்த்துகிறது. அப்போது மணியின் ஈரப்பதம் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும். நெடுநாள் சேமிக்க வேண்டுமானால் அது 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். இடைப்பட்ட ஈரத்தை வெயில் உலர்த்தலாம். எரிவாயுவால் இயங்கும் உலர்த்தியும் உலர்த்தலாம். வெயிலுக்கு விலை இல்லை. எரிவாயுவுக்கு விலை உண்டு.

அவ்வாறெனில் வயலிலேயே காயவிடலாமே என்று தோன்றும். அங்குத்தான் சிக்கல் எழுகிறது. செப்டம்பர் மாத வெயிலில் மணியின் ஈரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். அக்டோபர் இறுதியில் அரை விழுக்காடு குறைவதும் அரிது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தட்டை வலுவிழக்கிறது, கதிர் உதிர்கிறது, காற்றும் மழையும் அச்சுறுத்துகின்றன. ஆகவே, பலரும் 20 முதல் 25 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே அறுவடையைத் தொடங்கிவிடுகின்றனர்.

சோயா மொச்சைக்கு வேறு கணக்கு. அதற்கு உரிய ஈரப்பதம் 13 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் கொள்முதல் நிலையத்தில் விலையைக் குறைப்பர். நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் நம் உழவர்களும் இத்தகைய வரம்பை நன்கறிவர். ஆனால் ஈரம் மிகக் குறைந்தாலும் இழப்பே ஏற்படும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 13 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ மொச்சையில் 87 கிலோ உலர்பொருள் உள்ளது. அதே மொச்சை 9 விழுக்காடு ஈரம்வரை காய்ந்துவிட்டால் அதன் எடை 95.6 கிலோவாகக் குறைகிறது. எடைக்கே விலை என்பதால், நூற்றுக்கு 4.4 கிலோ மொச்சையை விற்காமலேயே உழவர் இழக்கிறார். மேலும், மிகையாகக் காய்ந்த காய்கள் இயந்திரம் தொட்டவுடன் வெடித்து, மணிகள் மண்ணில் சிதறுகின்றன.

விடியற்காலையில் பனி படிந்த சோயாத்தண்டு நார்போல் இழுபடும். நண்பகலுக்குப்பின் அது எளிதில் அறுபடும். பிற்பகல் வெயில் கடுமையானால் காய் வெடிக்கும். எந்த நேரத்தில் வயலில் இறங்குவது என்பதை முடிவு செய்ய, அன்று காலை அண்டை வயலில் இறங்கியவரின் சொல் பேருதவியாக அமைகிறது.

ஒப்பீட்டின் இலக்கணம்

ஒப்பிடுதல் எளிதன்று. சான்றாக, இரண்டு உழவர்கள் தம் மக்காச்சோள விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொள்வதாகக் கருதுவோம்.

"எங்கள் மேட்டுவயலில் ஏக்கருக்கு 220 புஷல் கண்டது" என்கிறார் ஒருவர்.

"எங்களுக்கு 200தான் கண்டது. நீங்கள் போட்ட விதையைத்தான் வரும் ஆண்டு நானும் போட வேண்டும்" என்கிறார் மற்றவர்.

"பொறுங்கள். அறுக்கும்போது உங்கள் மணியில் ஈரம் எவ்வளவு?"

"பதினைந்து."

"எங்களுடையது இருபத்தைந்து. ஈரத்தோடு நிறுத்த கணக்கைத்தான் நான் சொன்னேன்."

புஷல் என்பது மக்காச்சோளத்திற்கு 25.4 கிலோ எடையைக் குறிக்கும் அளவு. 25 விழுக்காடு ஈரத்தோடு நிறுத்த 220 புஷலில் உலர்பொருள் 75 விழுக்காடே. அதனை 15 விழுக்காட்டு ஈரத்திற்கு மாற்றிக் கணக்கிட்டால் 194 புஷல்தான் கிடைக்கும். அவ்வாறெனில் மிகுதியாக விளைந்தது இரண்டாமவரின் வயலே. முதலாமவர் அந்த ஒரு வினாவைக் கேட்காமல் விட்டிருந்தால், நல்ல விதையை வைத்திருந்தவர் அதனைக் கைவிட்டு, குறைந்த விளைச்சல் தந்த விதைக்கு மாறியிருப்பார். அப்பிழையை அவர் உணர ஓராண்டு ஆகியிருக்கும். சில வேளைகளில் உணராமலே போயிருக்கக்கூடும்.

எனவே, ஒப்பிடுவோர் முதலில் அளவுகோலை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். மண் எத்தகையது? முந்தைய ஆண்டு விளைந்த பயிர் எது? விதைத்த நாள் எது? மழை எப்போது பெய்தது? ஈரம் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை தெரியாத விளைச்சல் கணக்கு வெறும் பெருமையாகவோ வெறும் வருத்தமாகவோ மட்டுமே நிற்கும், அறிவாக மாறாது.

1990களில் அறுவடை இயந்திரங்களில் விளைச்சல் அளவிகள் பொருத்தப்பட்டன. செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் அவை இணைந்தபோது, வயலின் எப்பகுதியில் எவ்வளவு விளைந்தது என்பதை நிலப்படமாகக் காண முடிந்தது. ஒரே வயலில் இரு விதைகளை அடுத்தடுத்த பட்டைகளாக விதைத்து ஒப்பிடும் முறையும் பரவியது. கருவிகள் மேம்பட்டாலும் கேட்கவேண்டிய வினாக்கள் மாறவில்லை.

தெரியுமா?
அறுவடைக்குப்பின் ஒரு சதுர அடி நிலத்தில் 4 சோயா மணிகள் உதிர்ந்துகிடந்தால், ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ மொச்சை வீணானதாகப் பொருள். மக்காச்சோளத்தில் ஒரு சதுர அடிக்கு 2 மணிகள் கிடந்தாலே ஏக்கருக்கு ஒரு புஷல் வீணாகிறது. நடுமேற்கு உழவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மண்ணில் மண்டியிட்டு மணிகளை எண்ணுவது இதனாலேயே.

தட்டையைத் தள்ளிப் பார்த்தல்

எந்த வயலை முதலில் அறுப்பது என்பதும் உழவர்கள் கலந்துபேசும் செய்தியே. முதலில் முதிர்ந்த வயலை முதலில் அறுக்க வேண்டும் என்பது இயல்பான எண்ணம். ஆயினும் பட்டறிவு வாய்ந்தவர்கள் வேறொன்றையும் நோக்குகின்றனர். கோடையில் வறட்சியோ நோயோ தாக்கிய மக்காச்சோளம், மணியை நிரப்புவதற்காகத் தன் தண்டில் சேர்த்துவைத்த உணவையும் செலவழித்துவிடுகிறது. அத்தகைய தட்டை உள்ளே அழுகி, வெளியே பசுமையாக நிற்கலாம்.

இதனை அறிய எளிய ஆய்வு ஒன்று உண்டு. வயலில் ஆங்காங்கே நடந்து, தட்டைகளைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். நூற்றில் பத்துப் பதினைந்து தட்டைகள் நிமிராமல் முறிந்தால், மணியில் ஈரம் மிகுந்திருந்தாலும் அவ்வயலை முதலில் அறுத்துவிடுவதே நன்று. உலர்த்தும் செலவு கூடுதலாகும். ஆனால் மண்ணில் விழுந்த கதிரை எந்த இயந்திரமும் முழுமையாகப் பொறுக்கித் தராது.

காற்றின் வலிமையை அயோவா உழவர்கள் மறக்க இயலாது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வீசிய பெருங்காற்று, அம்மாநிலத்தின் குறுக்கே பல இலட்சம் ஏக்கர் மக்காச்சோளத்தைச் சாய்த்தது. களஞ்சியங்களும் நொறுங்கின. அவ்வாண்டு அறுவடையில், சாய்ந்த பயிரை எத்திசையிலிருந்து அறுத்தால் மிகுதியாக மீட்கலாம், இயந்திரத்தை எவ்வளவு மெதுவாகச் செலுத்தலாம் என்பனவே உழவர்களின் பேச்சாக இருந்தன. முன்பின் கண்டிராத இடரின்போது, நேற்று முயன்றவரே இன்றைய ஆசிரியர்.

அழகிய கதிரும் அளந்த விளைச்சலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவாவில் மக்காச்சோளக் கதிர்களுக்கு அழகுப் போட்டிகள் நடைபெற்றன. நீளமும் பருமனும் ஒத்து, மணிகள் நேர்வரிசையில் அமைந்த கதிருக்குப் பரிசு வழங்கப்பட்டது. அழகிய கதிரே மிகுதியாக விளையும் என்று பலரும் நம்பினர். என்றி வாலசு என்னும் பதினாறு அகவை மாணவர் அந்நம்பிக்கையை ஐயுற்றார். 1904ஆம் ஆண்டில், பரிசுக்குரியவையாகக் கருதப்பட்ட கதிர்களின் மணிகளையும் ஏனைய கதிர்களின் மணிகளையும் தனித்தனி வரிசைகளில் விதைத்து, விளைச்சலை எடைபோட்டுப் பார்த்தார். கதிரின் அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று.

அம்மாணவரே பின்னாளில், 1926இல், வீரிய ஒட்டு மக்காச்சோள விதைகளை உருவாக்கி விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் வேளாண்மைத்துறைச் செயலராகவும், 1941 முதல் 1945வரை அந்நாட்டின் துணைக் குடியரசுத்தலைவராகவும் விளங்கினார். கண்ணால் கண்டு வியப்பதைவிடக் கையால் அளந்து ஒப்பிடுவது மேலானது என்பதை அவருடைய இளமைக்கால ஆய்வு உணர்த்துகிறது.

அண்டை வயலாரின் சொல்

வீரிய ஒட்டு மக்காச்சோளம் 1928இல் அயோவா உழவர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. பழைய விதையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. ஆயினும் உழவர்கள் அதனை உடனே ஏற்கவில்லை. விதையைத் தம் களத்திலிருந்தே எடுத்துவைத்துப் பழகியவர்கள், ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்கத் தயங்கினர்.

அத்தயக்கம் எவ்வாறு நீங்கியது? பிரைசு இரயன், நீல் கிராசு என்னும் இரு சமூகவியல் அறிஞர்கள் அயோவாவின் இரு ஊர்களைச் சேர்ந்த 259 உழவர்களைச் சந்தித்து ஆராய்ந்து, 1943இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். 1941ஆம் ஆண்டளவில் அவர்களுள் இருவரைத் தவிர அனைவரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். புதிய விதையைப் பற்றிய செய்தியைப் பலர்க்கு முதலில் கொண்டுவந்தோர் விதை விற்பனையாளர்களே. ஆனால் அதனை விதைக்கலாம் என்னும் துணிவைப் பலர்க்குத் தந்தது அண்டை வயலாரின் பட்டறிவே. முதலில் ஒரு சிறு பகுதியில் விதைத்துப் பார்ப்பதும், பக்கத்து வயலின் விளைச்சலோடு ஒப்பிடுவதும், பிறகே முழு நிலத்திலும் விதைப்பதும் அவர்களுடைய முறையாக இருந்தன.

இவ்வாய்வு, புதுமை ஒரு சமூகத்தில் எவ்வாறு பரவுகிறது என்பதை விளக்கும் முன்னோடி ஆய்வாக இன்றும் கருதப்படுகிறது. 1930களில் அமெரிக்காவின் சராசரி மக்காச்சோள விளைச்சல் ஏக்கருக்கு 30 புஷலுக்கும் குறைவு. 2023இல் அது 175 புஷலைக் கடந்தது. விதை, உரம், இயந்திரம் ஆகியவை இவ்வளர்ச்சிக்குக் காரணங்கள். அவற்றை வயல்தோறும் கொண்டுசேர்த்ததில் அண்டை வயலாரின் சொல்லுக்கும் பங்குண்டு.

மறைக்கத் தூண்டும் காரணங்கள்

உண்மையைப் பகிர்வது எப்போதும் எளிதாக இருப்பதில்லை. அயோவாவில் ஏறத்தாழப் பாதி நிலம் குத்தகைக்கு உழப்படுகிறது. இன்று வேலியோரத்தில் நின்று உரையாடும் இருவர், நாளை ஒரே நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போட்டியிடலாம். நல்ல விளைச்சல் கண்டதாகக் கூறினால் நிலவுரிமையாளர் குத்தகையை உயர்த்தக்கூடும். விளைச்சல் குறைந்ததாகக் கூறினால் கடன் வழங்கியவர் ஐயுறக்கூடும். தம் பிழையால் நேர்ந்த இழப்பைக் கூறினால் பிறர் நகைப்பரோ என்னும் நாணமும் எழும்.

இதனால் சிலர் சிறந்த வயலின் விளைச்சலை மட்டும் கூறுவர். பொய்த்த வயலைப் பற்றி வாய்திறவார். கேட்பவர் அதனைச் சராசரியாகக் கொண்டு தம்மைத் தாழ்வாக எண்ணுவார். தேவையற்ற உரத்திற்கும் மருந்திற்கும் செலவிடுவார். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையே; எனினும் மறைக்கப்பட்ட பாதி, கேட்டவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது.

வெற்றிபெற்றவரின் கணக்கைவிடத் தோற்றவரின் கணக்கே பல வேளைகளில் பயன்மிக்கது. 'நான் இரண்டு நாள் காத்திருந்தேன். காய் வெடித்துவிட்டது' என்று ஒருவர் தயங்காமல் கூறும் ஒரு தொடர், பத்து வயல்களைக் காக்கும். கூறியவருக்கு அதனால் வருவாய் இல்லை. ஆனால், மறு ஆண்டு அவர் கேட்கும்போது பிறரும் மறைக்காமல் கூறுவர். அண்டை வயலார்க்கு இடையிலான நம்பிக்கை இவ்வாறே வளர்கிறது.

மற்றொன்றையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் பத்து உழவர்களைக் கேட்டால் பத்து மண்களின், பத்து முறைகளின் பட்டறிவு கிடைக்கும். பத்து ஆண்டுகளின் பட்டறிவு கிடைக்காது. ஏனெனில் பதின்மரும் கண்டது ஒரே ஆண்டின் வானிலையையே. ஆண்டுகளின் பட்டறிவை மூத்த உழவர்களிடமே பெற இயலும். 2012இன் கடும் வறட்சியில் தட்டை எவ்வாறு இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர், அடுத்த வறட்சியில் இளையோருக்கு வழிகாட்டுகிறார்.

அறுவடைக்குப்பின் மண்

அறுவடையோடு இலையுதிர்காலப் பணி முடிவதில்லை. நிலம் உறையுமுன் மண் மாதிரி எடுக்கவேண்டும். புளிப்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு இட வேண்டும். வரும் ஆண்டின் மக்காச்சோளத்திற்கு உரம் திட்டமிட வேண்டும்.

சிலர் இலையுதிர்காலத்திலேயே அம்மோனியா உரத்தை மண்ணுக்குள் செலுத்துகின்றனர். மண்ணின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி, தொடர்ந்து குளிரும் நிலை ஏற்பட்ட பின்னரே இதனைச் செய்ய வேண்டும் என்பது வேளாண் அறிஞர்களின் அறிவுரை. மண் வெதுவெதுப்பாக இருந்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டு மழைநீரில் கரைந்து வடிகால்களின் வழியே ஆறுகளை அடையும். உழவரின் பணம் ஆற்றோடு போகும். அத்துடன், அந்நீரைப் பருகும் ஊர்களும் துன்புறும். மிசிசிப்பி ஆற்றின் வழியே மெக்சிகோ வளைகுடாவைச் சேரும் இச்சத்துகளால், கோடைதோறும் கடலின் ஒரு பகுதியில் உயிர்வளி குறைந்து மீன்கள் வாழ இயலாத நிலை உண்டாகிறது.

உழுவதா வேண்டாவா என்பதும் நெடுநாள் வழக்கே. உழுத நிலம் இளவேனிலில் விரைவில் சூடாகும், விதைப்பு எளிதாகும். உழாத நிலத்தில் தாள்கள் மூடாக்காகக் கிடந்து மண்ணைக் காக்கும். சோயா மொச்சை விட்டுச்செல்லும் தாள் குறைவு. அந்நிலத்தை இலையுதிர்காலத்தில் உழுதுவிட்டால் காற்றும் மழையும் மேல்மண்ணை எளிதில் அரித்துச்செல்லும். 1930களில் தென்சமவெளிகளில் வீசிய புழுதிப்புயல்கள் மேல்மண்ணை வாரிச்சென்ற துயரத்தின் விளைவாக, 1935இல் மண்வளப் பாதுகாப்புக்கென அமெரிக்க அரசு தனிச்சட்டம் இயற்றியது. இன்று சிலர் அறுவடைக்குப்பின் 'ரை' என்னும் தானியத்தை மூடுபயிராக விதைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணைப் பசுமையால் போர்த்துகின்றனர். அவர்களுடைய வயலோரத்தில் வண்டியை நிறுத்தி, இளவேனிலில் அம்மூடுபயிர் விதைப்புக்கு இடையூறாயிற்றா என்று கேட்டறியும் அண்டை வயலாரும் உளர்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

பகிரவேண்டிய செய்திகளுள் தலையாயது ஒன்று உண்டு. ஈரத்தோடு சேமிக்கப்பட்ட மக்காச்சோளம் களஞ்சியத்தினுள் பூஞ்சை பிடித்துக் கட்டியாகும். அடியிலுள்ள தானியம் வெளியேறும்போது மேற்பரப்பு ஓடுபோல் நின்று, அதன்கீழ் வெற்றிடம் உண்டாகும். கட்டியை உடைக்க உள்ளே இறங்குபவர் அவ்வெற்றிடத்தில் விழுந்து புதைவார். இயங்கும் களஞ்சியத்தில் தானியம் நீர்போல் ஓடும். சில நொடிகளில் கால்கள் சிக்கிக்கொள்ளும். அரை நிமிடத்திற்குள் முழு உடலையும் தானியம் மூடிவிடும். ஆகவே, இயந்திரத்தை நிறுத்தாமலும், கயிறும் துணையாளும் இல்லாமலும் களஞ்சியத்தினுள் இறங்கக்கூடாது.

ஈரப்பதத்தைப் பற்றிய ஓர் எண் ஏன் அவ்வளவு முதன்மையானது என்பதற்கு இதுவே இறுதி விடை. அது விலையை மட்டும் முடிவு செய்வதில்லை; சில வேளைகளில் உயிரையும் முடிவு செய்கிறது. 'என் களஞ்சியத்தில் கட்டி பிடித்துவிட்டது' என்று நாணமின்றிக் கூறும் உழவருக்கு, 'தனியே இறங்காதீர்கள்; நான் வருகிறேன்' என்னும் விடை கிடைக்கிறது.

நிறைவாக

நடுமேற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடைக் காலத்தில் ஓர் உழவர் நோயுற்றாலோ இறந்துவிட்டாலோ, அண்டை வயலார் தத்தம் இயந்திரங்களோடு வந்து, ஒரே நாளில் அவருடைய வயல் முழுவதையும் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுகின்றனர். தம் வயலில் பயிர் காத்திருக்க, பிறர் வயலில் அவர்கள் இறங்குகின்றனர். எந்த வயல் ஈரமானது, எந்த மூலையில் இயந்திரம் புதையும், எந்தத் தட்டை வலுவற்றது என்பன அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் அவ்வுழவர் மறைக்காமல் கூறிவந்த செய்திகள் அவை.

உழவர் ஒருவரின் வாழ்நாளில் நாற்பது அறுவடைகளே உண்டு. தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுபவரும், பிறர் கண்டதைப் பொறுமையோடு கேட்டு ஒப்பிடுபவரும் அந்த நாற்பதைப் பலவாகப் பெருக்கிக்கொள்கின்றனர்.

சொல்லும் பொருளும்

தட்டை – அறுவடைக்குரிய, முதிர்ந்த சோளத்தண்டு
தாள் – கதிர் அறுத்தபின் நிலத்தில் எஞ்சும் பயிர்ப்பகுதி
உலர்பொருள் – நீர் நீங்கியபின் எஞ்சும் பொருள்
மூடுபயிர் – மண்ணைக் காப்பதற்காக வளர்க்கப்படும் பயிர்
பட்டறிவு – நேரில் பெற்ற அனுபவ அறிவு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள உழவர்கள் இருவரைச் சந்தித்து, ஒரே பயிரில் அவர்கள் பெற்ற விளைச்சலைக் கேட்டறிக. மண், விதை, விதைத்த நாள், நீர், ஈரப்பதம் ஆகிய தலைப்புகளில் அட்டவணைப்படுத்தி, விளைச்சல் வேறுபட்டமைக்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. 'தோல்வியைப் பகிர்வதும் தொண்டே' என்னும் தலைப்பில் இரண்டு நிமிடம் பேசுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சோயா மொச்சை அறுவடைக்கு உரிய ஈரப்பதம்
அ) 9 விழுக்காடு ஆ) 13 விழுக்காடு இ) 25 விழுக்காடு ஈ) 35 விழுக்காடு

2. புதிய விதையை ஏற்கும் துணிவை அயோவா உழவர் பலர்க்குத் தந்தது
அ) அரசின் ஆணை ஆ) விற்பனையாளரின் சொல் இ) அண்டை வயலாரின் பட்டறிவு ஈ) அழகுப் போட்டியின் முடிவு

குறுவினா

1. மக்காச்சோள மணியில் தோன்றும் கருநிறப் படலம் எதனை உணர்த்துகிறது?
2. மிகையாகக் காய்ந்த சோயா மொச்சையால் உழவர் அடையும் இழப்புகள் யாவை?

சிறுவினா

1. '220 புஷல் கண்டவரைவிட 200 புஷல் கண்டவரின் விளைச்சலே மிகுதி' – பாடப்பகுதி வழி நிறுவுக.
2. என்றி வாலசு இளமையில் மேற்கொண்ட ஆய்வையும் அதன் முடிவையும் விளக்குக.

நெடுவினா

உழவர்கள் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொள்வதால் விளையும் நன்மைகளையும், அப்பகிர்வுக்குத் தடையாக அமையும் காரணங்களையும் தொகுத்து எழுதுக.